ஜெபமணி அக்காவின் செத்த சுவிட்ச்

ஒரகடத்தில் காலை ஷிப்டுக்குக் கொஞ்சம் பிந்தினாலும் அரைநாள் போச்சு. கேட்டில் நிற்கிறவருக்கு நம் காய்ச்சலும் தெரியாது, மழையும் தெரியாது. எங்கள் வாடகை அறைகள் இருக்கிற சந்துப் பக்கம் கம்பெனி பஸ் வராது. சங்கரன்கோவில், தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த நாங்கள் ஏழெட்டுப் பெண்கள், வல்லம் வடகாலிலேயே பிறந்து வளர்ந்த ஜெபமணி அக்காவின் பழைய ஆம்னி வேனைத்தான் நம்பியிருந்தோம்.

அக்காவுக்கு முப்பத்தைந்து தாண்டிவிட்டது. கல்யாணம் ஆகவில்லை. அதில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை, ஊருக்குத்தான் தூக்கம் வரவில்லை. காருக்கு ஒயர் கட்டுகிற கம்பெனியில் ஒயர்களைப் பரப்பிக் கட்டுகிற பலகை முன்னால் நின்று நின்றே இளமை போயிற்று. முழங்கால் வீங்க ஆரம்பித்ததும் வேலையை விட்டாள். கணக்கு முடித்துக் கைக்கு வந்த பணத்தில் இந்த வேனைத் தன் பேரிலேயே வாங்கினாள்.

அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம். எந்த வண்டிச் சாவியானாலும் மாதா காலண்டருக்குக் கீழே இருக்கிற ஆணியில்தான் தொங்க வேண்டும். அவள் அப்பா அமிர்தநாதன் போட்ட சட்டம் அது. சட்டம் எல்லோருக்கும் பொது, சாவியை எடுக்கிற கை மட்டும் தம்பி டெனிசனுடையது. சிநேகிதர்களை ஏற்றிக்கொண்டு குன்றத்தூர்ப் பக்கம் பிரியாணி தின்னப் போவான். திரும்பி வந்து, பெட்ரோல் காய்ந்த வண்டியை நிறுத்திவிட்டுப் படுத்துக்கொள்வான். சில நாள் வண்டி வந்தே சேராது. நாங்கள் சந்து முனையில் டிபன் பாக்ஸோடு நிற்போம்.

அக்கா சாவியை இடுப்பில் செருகிப் பார்த்தாள். அவன் டூப்ளிகேட் போட்டுக்கொண்டான். அப்பாவிடம் முறையிட்டாள். ஆம்பளப் புள்ள எடுத்தா வண்டி இன்னா தேஞ்சா பூடும் என்று கேட்டாராம் அவர்.

கடைசியில் பாண்டிச்செல்வி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். "எக்கா, இன்னொரு நாளு இப்படி ஆச்சுன்னா நாங்க வேற வண்டி பாத்துக்கிடுதோம்." எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. நாங்கள் இறங்கிவிட்டால் அக்காவுக்குப் பிழைப்பு இல்லை, மறுபடியும் வீட்டுக் கஞ்சிதான்.

அக்கா எங்களை இறக்கிவிட்டு நேரே பழைய இரும்புக் கடைக்குப் போனாள். நசுங்கிக் கிடந்த இன்னொரு ஆம்னியிலிருந்து ஒயர் உருவி வந்தாள். அதே நிறம், அதே அழுக்கு. அவள் வண்டியின் டாஷ்போர்டில் பனிவிளக்குக்கென்று ஒரு சுவிட்ச் உண்டு. விளக்குகள் உடைந்து வருஷக்கணக்காகிவிட்டது. அது செத்த சுவிட்ச் என்று தெருவுக்கே தெரியும், யாரும் தொடமாட்டார்கள். பெட்ரோல் பம்புக்குப் போகிற ஒயரை வெட்டி, அந்தச் சுவிட்ச் வழியாகச் சுற்றி வர விட்டாள். சுவிட்சைப் போட்டால்தான் பம்பு ஓடும். போடாவிட்டால், குழாயில் மிச்சமிருக்கிற பெட்ரோலில் வண்டி கிளம்பும், கொஞ்ச தூரம் போகும், இருமிவிட்டு நின்றுவிடும். ஒட்டுப் போட்ட இடத்தில் கம்பெனியில் சுற்றுவதைப் போலவே, ஒரு சுற்றின் மேல் அடுத்த சுற்று பாதி ஏறும்படி டேப் சுற்றினாள்.

அதோடு விட்டிருக்கலாம். கம்பெனியில் ஒட்டைச் சரிபார்த்ததற்கு அடையாளமாக டேப்பின் மேல் பச்சை மையில் ஒரு பொட்டு வைக்க வேண்டும். பழகிய கை இங்கேயும் வைத்துவிட்டது. மறுநாள் எங்களை ஏற்றிக்கொண்டு போகும்போதுதான் அவளுக்கே அது உறைத்தது. திருடனுக்கு நானே பொட்டு வைத்து இடம் காட்டிவிட்டேனடி என்று தலையில் அடித்துக்கொண்டாள். பிரித்து வேறு டேப் சுற்ற நினைத்திருந்தாள். அதற்குள் டெனிசன் வண்டியை எடுத்துவிட்டான்.

மாதா கோயில் முனை வரைக்கும் போயிற்று, நின்றது. சிநேகிதர்கள் தள்ளிக்கொண்டு வந்தார்கள். தெருவே சிரித்தது. அக்காதான் ஏதோ செய்துவிட்டாள் என்று கத்திவிட்டு, அவன் ஒரகடத்திலிருந்து மெக்கானிக் கோமதிநாயகத்தைக் கூட்டிவந்தான். நானும் போய்க் கூட்டத்தில் நின்றேன்.

கை பட்ட இடத்தை டேப்பே காட்டிக் கொடுத்துவிடும் என்று சொல்லிக்கொண்டு அவர் ஒயர்களை வெளியே இழுத்தார். டார்ச் வெளிச்சம் பச்சைப் பொட்டின் மேல் வந்து நின்றது.

"இதுல எவனும் கை வைக்கல தம்பி," என்றார் அவர். "செக்கிங் பொட்டுகூட அழியாம இருக்கு பாரு. கம்பெனி சுத்து இது."

பம்பு போய்விட்டது, டேங்கை இறக்க வேண்டும் என்று தீர்ப்பும் சொன்னார். அக்கா அப்படியே விட்டிருந்தால் தம்பி அலுத்துப்போய் ஒதுங்கியிருப்பான். ஆனால் பயந்து ஒளித்து வைத்ததாக இருக்க அவளுக்குப் பிடிக்கவில்லை. டெனிசன் கையிலிருந்த சாவியைப் பிடுங்கி, ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல் சுவிட்சைத் தட்டினாள். வண்டி தெருக்கோடி வரைக்கும் போய்த் திரும்பி வந்து, அமிர்தநாதன் முன்னால் உறுமிக்கொண்டு நின்றது.

அவருக்குப் புரிந்துவிட்டது. ஏதோ சுவிட்சை ஒளித்து வைத்திருக்கிறாள், அது எங்கே என்று தம்பிக்குக் காட்டச் சொன்னார். அக்கா உள்ளே போய் இரண்டு சாவியையும் ஆணியில் மாட்டிவிட்டு வந்தாள்.

"சாவி ஆணியிலதான் கீதுப்பா. உன் சட்டத்த நான் மீறல. வண்டி மட்டும் என் பேச்சத்தான் கேக்கும்."

"அப்ப இந்த வாசல்ல அது நிக்கக் கூடாது."

"நிக்காது. ஓடறதுக்குத்தான் வாங்கனேன்."

அன்றிலிருந்து வண்டி எங்கள் சந்தில் நிற்கிறது. விடியலில் அப்பாவின் கண்ணெதிரே ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு நடந்து வருவாள் அக்கா. நாங்கள் ஒருநாளும் பிந்தியதில்லை. வேறு வண்டி பார்க்கிற பேச்சைப் பாண்டிச்செல்வியும் விட்டுவிட்டாள்.

போன வாரம் டெனிசன் தன் பைக் பஞ்சராகி ரோட்டோரம் நின்றுகொண்டிருந்தான். அக்கா நிறுத்தினாள். பழக்கத்தில் டிரைவர் பக்கம் வந்தவனைப் பின்னால் ஏறச் சொன்னாள். அவன் என் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தான். சீட்டுக்கு அடியில், கதவோரத்தில் என்று வழியெல்லாம் அவன் கண் தேடிக்கொண்டே வந்தது. டாஷ்போர்டையும் பார்த்தான், அந்தச் சுவிட்சையும் பார்த்தான், செத்ததுதானே என்று கண்ணை வேறு பக்கம் திருப்பிவிட்டான்.

இறங்குகிற இடத்தில் என் காதருகே குனிந்து கேட்டான். "சுவிட்ச் எங்க கீதுன்னு உனுக்குத் தெரியுமா?"

"தெரியும்," என்றேன். இந்த வண்டியில் வருகிற எல்லோருக்கும் தெரியும் என்றும் சொல்லிவிட்டு, அவன் இறங்குவதற்காகக் காலை ஒதுக்கிக்கொண்டேன்.