கிள்ளானிலிருந்து வந்த தாம்பாளம்

புளி போட்டுத் தேய்த்தால் இன்றும் பளபளக்கும் பித்தளைத் தாம்பாளம் ஒன்று என் வீட்டில் இருக்கிறது. விளிம்பில் ஒரு பக்கம் சற்றே நெளிந்திருக்கும். அதைத் தேய்க்கும் போதெல்லாம் என் சித்தப்பா நினைவுக்கு வருகிறார். எங்கள் வீட்டுக்கு அந்தத் தாம்பாளத்தை வரவழைத்ததும் அவர்தான், அது வந்த நாளில் ஊர் கூடிய பந்தலில் தலைகுனிந்து நின்றதும் அவர்தான்.

அப்போது நாங்கள் கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். அப்பா சரக்குக் கொட்டடியில் கணக்கெழுதும் கிராணி. அவருடைய தம்பியான சித்தப்பாவுக்கு ரயில் வரும்போது தடம் மாற்றிவிடும் வேலை. அப்பா வாயைத் திறக்கவே யோசிப்பார். சித்தப்பாவோ மூடுவதற்கு யோசிப்பவர். குவார்ட்டர்ஸில் எந்த வீட்டில் கல்யாணம் என்றாலும் பந்தல் போடுவதிலிருந்து பந்தி விசாரிப்பது வரை அவர்தான். பிள்ளை இல்லாத மனிதர். என் அக்காவைத் தன் பெண் என்றே ஊரெல்லாம் சொல்லித் திரிவார், அப்பாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே.

அந்த அக்கா பள்ளியிறுதிப் பரீட்சையான சீனியர் கேம்பிரிட்ஜில் தேறிவிட்டாள். எங்கள் வரிசையில் அதுவரை எந்தப் பெண்ணும் அதை எழுதியதுகூட இல்லை. பெயர் வந்த பத்திரிகையைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு, எழுதப் படிக்கத் தெரியாத சித்தப்பா எதிரில் வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார். சில நேரம் தலைகீழாகக் காட்டுவார். ஆனால் வீட்டுக்குள் நிலைமை வேறு. அக்காவுக்கு ஆசிரியை ஆக வேண்டும். பயிற்சி வகுப்பில் இடம் வாங்கித் தருவதாகப் பள்ளித் தலைமையாசிரியை சொல்லியிருந்தார். அப்பாவின் சம்மதம்தான் பாக்கி. அப்பா ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. பக்கத்து ஊரான கிள்ளானில் இருந்த ஓர் அம்மாள் தன் மகனுக்கு அக்காவைக் கேட்டபோதும், "பரீட்சை முடியட்டும்" என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தார். பரீட்சை முடிந்துவிட்டதே என்று அக்கா சாப்பாட்டை அளைந்துகொண்டிருந்தாள்.

சித்தப்பா ஒரு திட்டம் போட்டார். பெண் தேறியதற்கு ஒரு விருந்து வைப்பது. ஊர்ச்சனம் முழுவதும் உட்கார்ந்திருக்கும்போது தலைமையாசிரியை எழுந்து கேட்டால் அண்ணன் எப்படி மறுப்பார்? திட்டத்தில் ஒரு குறையும் இல்லை. குறை, அதை நடத்தியவரிடம் இருந்தது. அவர் அதுவரை கல்யாண விருந்து தவிர வேறெதையும் நடத்தியதில்லை. அதனால் சித்தியையும் கூட்டிக்கொண்டு, சந்தனம், குங்குமம், கற்கண்டு, வெற்றிலை பாக்கு சகிதம் வீடு வீடாகப் போய், "எங்க பொண்ணுக்கு விருந்து வைக்கிறோம், குடும்பத்தோட வந்துடணும்" என்று அழைத்தார். சேதிதான் எல்லாருக்கும் தெரியுமே என்று நினைத்துக்கொண்டார். அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. விட்டுப்போச்சு என்று பேச்சு வந்துவிடக் கூடாதென்று ரயிலேறிக் கிள்ளானுக்கும் போய், அந்த அம்மாள் வீட்டிலும் வெற்றிலை பாக்கு வைத்துவிட்டு வந்தார்.

விருந்தன்று காலையே எனக்குச் சந்தேகம் தட்டியது. வந்த பெண்கள் எல்லாரும் அக்காவின் முகவாயைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, கையில் வளையல் ஏற்றினார்கள். அடுத்த வரிசைக்காரம்மா என்னைத் தனியே இழுத்து, "மாப்பிள்ளை எந்த டிப்பார்ட்மெண்டு?" என்று கேட்டாள். நான் சித்தப்பாவைத் தேடி ஓடினேன். அவர் பாயசத்துக்கு முந்திரி போதவில்லை என்று சமையல்காரரோடு மல்லுக்கு நின்றார்.

அதற்குள் கிள்ளான்காரர்கள் வந்துவிட்டார்கள். முன்னால் அந்த அம்மாள், கையில் தாம்பாளம். அதில் அரக்கு நிறப் பட்டுச்சேலை, மல்லிகைச் சரம், தேங்காய், பழம், வெற்றிலை. பின்னால் உறவுக்கூட்டம். கடைசியில் கழுத்து இறுகக் கோட்டு மாட்டிய மகன், வியர்த்துக்கொண்டு. பந்தலில் இருந்தவர்கள் எழுந்து வழிவிட்டார்கள். அந்த அம்மாள் நேராக அப்பாவிடம் வந்து தட்டை நீட்டினாள். சபையில் நீட்டிய தட்டைத் தொட்டுவிட்டால் வாக்குக் கொடுத்தது போலத்தான். அப்பா மறுத்துப் பழகாத மனிதர். அவருடைய இரண்டு கைகளும் மெல்ல உயர்ந்தன. அக்காவைப் பார்த்தேன். முகத்தில் ரத்தமே இல்லை.

அப்போதுதான் சித்தப்பா குறுக்கே விழுந்தார். விழுந்தார் என்றால் நிஜமாகவே விழுந்தார். அந்த அம்மாளின் காலடியில் நெடுஞ்சாண்கிடையாக. தட்டு நழுவித் தரையில் மோதியது. விளிம்பு நெளிந்தது அன்றுதான்.

"தப்பு என்னோடதுங்க. இது நிச்சயதார்த்தம் இல்லே. புள்ள பரீட்சையில பாஸ் பண்ணுனதுக்கு வச்ச விருந்து. எனக்குக் கல்யாணத்துக்கு அழைக்கிற மாதிரிதான் அழைக்கத் தெரியும். வேற மாதிரி தெரியலேங்க."

பந்தலில் யாரோ சிரித்தார்கள். எத்தனையோ வீட்டுக் கல்யாணத்தைத் தலையில் தூக்கிச் சுமந்த மனிதர், வேட்டியில் மண்ணோடு எழுந்து நின்றார். அன்று அவரைப் பார்த்துச் சிரித்தவர்களை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அந்த அம்மாள் கீழே கிடந்த தட்டைப் பார்த்தாள். "ஊரு பூரா சொல்லிட்டு வந்திருக்கோம்" என்றாள். கோபத்தைவிட அதில் அவமானம்தான் இருந்தது. பிறகு அக்காவிடம் திரும்பினாள். "நீ சொல்லும்மா. உனக்கு என்ன வேணும்?"

"டீச்சராகணும், பெரியம்மா."

பெரியம்மா மகன் அண்ணன் முறை. ஒரே சொல்லில் அக்கா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கோட்டுக்காரர் அப்போதுதான் கழுத்துப் பொத்தானைக் கழற்றினார். அவருக்கும் அது நிம்மதிதானோ என்னவோ.

அந்த அம்மாள் குனிந்து எல்லாவற்றையும் எடுத்தாள். சேலையை மடித்து இடுக்கிக்கொண்டாள். பூவை அக்கா தலையில் வைத்தாள். தேங்காய் பழத்தை எங்கள் அம்மாவிடம் கொடுத்தாள். தட்டு வெறுமையாயிற்று. வெறும் தட்டாகத் திருப்பியனுப்பக் கூடாதே என்ற பழக்கத்தில் சித்தப்பா பாய்ந்து ஒரு சீப்புப் பழத்தை எடுத்தார். எடுத்த கை அப்படியே நின்றது. வைத்தால் தட்டு மாற்றிக்கொண்டதாகிவிடும். வைக்காவிட்டால் அவமரியாதை. பழத்தோடு அவர் விழித்த விழி இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

"தட்டு இங்கேயே இருக்கட்டும்" என்றாள் அந்த அம்மாள். "இவ டீச்சராகிட்டு, இதுல இனிப்பு வச்சு எடுத்துக்கிட்டு என் வீட்டுக்கு வரணும். அப்பத்தான் வாங்கிப்பேன்." பிறகு அப்பாவைப் பார்த்தாள். "அனுப்புவீங்கல்ல?"

மறுத்துப் பழகாத அப்பா, "அனுப்புறேம்மா" என்றார். தலைமையாசிரியை பேசுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. பாயசம் மட்டும் குடித்தார். அதற்குப் பிறகு சித்தப்பா யார் வீட்டு விசேஷத்துக்கும் அழைக்கப் போகவில்லை. கேட்டு வந்தவர்களிடம், "எனக்கு அழைக்கத் தெரியாதுங்க" என்று சொல்லிவிடுவார்.

அக்கா ஆசிரியையாகி, தட்டு நிறைய லட்டு வைத்துக் கிள்ளானுக்குப் போனாள். சித்தப்பா வரவே மாட்டேன் என்றார். நாங்கள்தான் இழுத்துக்கொண்டு போனோம். அந்த அம்மாள் லட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது தாம்பாளத்தில் ஒரு சிலேட்டும் குச்சியும் இருந்தன. பின்னால், பள்ளிக்கூடப் பக்கமே போகாத அவளுடைய கடைக்குட்டி மகள். "வெறும் தட்டா அனுப்பக் கூடாதுல்ல. இவளையும் கூட்டிட்டுப் போ" என்று தட்டை அக்காவிடம் கொடுக்காமல் சித்தப்பாவின் கையில் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு அவர் குழந்தை மாதிரி அழுதார்.

அந்தச் சிறுமி எங்கள் வீட்டில் தங்கிப் படித்தாள். முதல் வருஷப் பரீட்சையில் அவள் தேறியதற்கே சித்தப்பா விருந்து வைத்தார். சந்தனம், குங்குமம், வெற்றிலை பாக்கு எல்லாம் மறுபடியும் வெளியே வந்தன. ஆனால் ஒவ்வொரு வாசலிலும் செருப்பைக் கழற்றும் முன்னரே, "கல்யாணம் இல்லீங்க, பாஸ்!" என்று உரக்கச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே நுழைந்தார்.

போன மாதம் என் மகள் பட்டம் வாங்கியதற்கு விருந்து வைத்தோம். மண்டபம், அச்சடித்த அட்டை, மேசை நாற்காலி. அழைக்க யார் வாசலிலும் போய் நிற்கவில்லை; அட்டை தபாலில் போயிற்று. வாசலில் நெளிந்த தாம்பாளத்தில் சந்தனமும் குங்குமமும் மட்டும் நான் வைத்திருந்தேன். மகளோடு படித்த பையன் ஒருவன் அதைப் பார்த்துவிட்டு, "ஆன்டி, நிச்சயதார்த்தமா? மாப்பிள்ளை யாரு?" என்று கேட்டான்.

நான் வாய் திறப்பதற்குள், வரவேற்பில் நின்றிருந்த கிள்ளான் கடைக்குட்டி, பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள், மண்டபமே திரும்பிப் பார்க்கும்படி சொன்னாள்: "கல்யாணம் இல்லீங்க, பாஸ்!"