வாளியில் மிதந்த வெள்ளிப்பொடி

தீ விபத்துக்குப் பயந்த என்னிடம், மகளைப் பட்டாசு கம்பெனிக்கு அனுப்பமாட்டேன் என்று இருக்கன்குடி மாரியம்மன்மேல் சத்தியம் செய்திருந்தார் கணவர். அவளும் தையல் வகுப்புக்குப் போவதாகவே சொல்லிவந்தாள். ஒருநாள் அவள் பாவாடையை அலசியபோது, வாளித் தண்ணீரில் அலுமினியப் பொடி மினுமினுவென்று மிதந்தது.

"இது என்னடி?"

"இன்னைக்குத்தாம்மா வெள்ளிப்பொடி சலிக்க மாத்துனாக. இம்புட்டு நாளும் வெடியுப்புதான்."

உப்பின் துகள்களைத் தண்ணீர் பிரித்துத் தனக்குள் இழுத்துக்கொள்ளும். உலோகத்தின் பிணைப்பை அதனால் அவிழ்க்க முடியாது. இதைப் பள்ளியில் படித்தவள்தான் நான். ஆனாலும் கரைந்துபோன உப்பைத் தினமும் அறியாமலே கொட்டியிருக்கிறேன்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"அப்பாதான் கொண்டுபோய் விட்டாக. ஒங்கம்மாட்ட மூச்சு விடாதேன்னாக."

அந்த வாளியைக் கொட்டாமல், அவர் வரும் வாசலில் கொண்டுபோய் வைத்தேன்.