ஊர் தெரியாத பிஷப்

எம்.ஃபில். தலைப்பைக் கேட்டதுமே எங்கள் துறைத்தலைவர் சிரித்துவிட்டார். "இடைக்கால ஐரோப்பாவோட ஓவியச் சுவடிகளா? ஏம்மா, தங்கம் பூசின படத்தைப் பார்த்து சரித்திரம் எழுத முடியுமா? பேசாம பிரெஞ்சுக் காலத்து உப்பு வரியை எடு." அடுத்த கூட்டம்வரை அவகாசம் கொடுத்தார். அதற்குள் அவரை மசிய வைக்காவிட்டால் உப்பு வரிதான். எனக்கோ உப்பு வரி என்றாலே கொட்டாவி வரும்.

இந்த ஆசை பிடித்தது பாண்டிச்சேரி பீச் பக்கமிருந்த பிரெஞ்சு நூலகத்தில். அச்சு வருவதற்கு முன்பு கையால் எழுதி, வண்ணமும் தங்கமும் தீட்டிய ஒரு பிரார்த்தனைப் புத்தகத்தின் நகல் அங்கே இருந்தது. முன்பகுதி முழுக்கக் காலண்டர், மாதத்துக்கு ஒரு படம். பிப்ரவரியில் ஒரு குடியானவன் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தீயில் காலைக் காட்டிக் குளிர்காய்கிறான். ராஜாக்கள் போட்ட சண்டையெல்லாம் பாடப்புத்தகத்தில் உண்டு. இவனுக்குக் கால் விறைத்ததை வேறு யார் சொல்வார்கள்? அவன் வீட்டுப் பூனையைக்கூட விடாமல் பார்த்தேன்.

நூலகத்து அம்மாளுக்கு லத்தீன் தெரியும். சாதாரண நாளுக்குக் கறுப்பு மை, பண்டிகைக்குச் சிவப்பு, பெரிய பண்டிகைக்குத் தங்கம் என்றார். தேதிக்கு நேரே அந்த நாளுக்குரிய புனிதரின் பெயர்; ஓரிடத்தில் ஒரு பிஷப்பின் பெயர் தங்கத்தில் மின்னியது. "இந்த சாமிய நானே கேள்விப்பட்டதில்லியே," என்றார். பிரவுசிங் சென்டரில் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. ஊர் பேர் தெரியாத சாமிக்கு எதற்குத் தங்கம்? எனக்குச் சோறு இறங்கவில்லை.

சுதந்திர தினத்துக்கு மறுநாள் கல்லூரிக்குப் போனால் கேட் பூட்டிக் கிடந்தது. வாட்ச்மேன் சிரித்தார். "இன்னா பாப்பா, இன்னிக்கு லீவாச்சே! பிரெஞ்சுக்காரன் பாண்டிய சட்டப்படி எழுதிக் குடுத்த நாளு. ஹிஸ்டரி படிக்கிற புள்ள, இதுகூடத் தெரியாதா?"

மானம் போயிற்று. நாங்கள் விழுப்புரத்திலிருந்து பாண்டியில் சாரம் பகுதிக்குக் குடிவந்த புதிது. வீட்டில் தொங்கியது விழுப்புரத்து மாமா கடைக் காலண்டர். அதில் பதினாறாம் தேதி கறுப்பு. எதிர்வீட்டு அக்கா மாட்டியிருந்தது பாண்டி ஜவுளிக்கடைக் காலண்டர். அதில் பதினாறு செக்கச்செவேலென்று இருந்தது. "அட, இவ்ளோதானா!" என்று கத்திவிட்டேன். அக்கா பயந்தே போனாள்.

கூட்டத்துக்கு இரண்டையும் சுருட்டி எடுத்துப் போனேன். கடைப் பெயரை மடித்து மறைத்து, ஆகஸ்ட் மாதத்தை மட்டும் துறைத்தலைவரிடம் நீட்டினேன். "இதுல எது பாண்டிச்சேரி காலண்டர் சார்?"

"இதுதான். பதினாறு சிவப்பா இருக்கே."

"ஊர் பேர் போடலியே சார்?"

"அதான் லீவே சொல்லுதே!"

"அந்தப் பிரார்த்தனைப் புத்தகத்துலயும் எழுதின ஊர் பேர் இல்ல சார். ஆனா ஒரு பிஷப்புக்குத் தங்கம் போட்டிருக்காங்க. எந்த ஊரு அவரை அப்படிக் கொண்டாடுச்சோ, அந்த ஊருக்காகத்தான் அதை எழுதியிருக்கணும்."

அவர் சிரிப்பு நின்றது. என் கையிலிருந்த அந்தப் பக்கத்தின் கலர் ஜெராக்ஸை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தார்.

"எந்த ஊரு?"

"தெரியாது சார்." கெட்டது குடி என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் அந்தத் தங்கப் பெயரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு என் தலைப்புத் தாளை இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

"கண்டுபிடிச்சா வைவா வரைக்கும் வச்சிருக்காதே. அன்னிக்கே வந்து சொல்லு. ஞாயித்துக்கிழமையா இருந்தா வீட்டுக்கு வா."