பகலில் உறங்குகிறவர்கள்

இதைக் கட்டுக்கதை என்று சொல்ல நினைப்பவர்கள் வேதமணியின் வாயைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். மேல்வரிசையில் முன்பல் ஒன்று கிடையாது. எப்படிப் போயிற்று என்று கேட்டால் எழுந்து போய்விடுவான். ஒரே ஒரு முறை சொன்னான். அதைத்தான் ஒரு சொல் கூட்டாமல் எழுதுகிறேன். இது நடந்தது. 1943-ஆம் வருஷம் சித்திரை மாதம், ராஜபாளையத்தில், பட்டப்பகலில். பேய் ராத்திரியில்தான் வரும் என்று தைரியமாக இருப்பவர்கள் மேற்கொண்டு படிக்காமல் இருப்பது நல்லது.

யுத்தக் காலம். பட்டாளத்துக்குத் துணி வேண்டும் என்று பஞ்சாலைகள் ராப்பகலாக ஓடின. வேதமணிக்கு ராத்திரி ஷிப்ட். பேல் என்கிற பஞ்சுப் பொதிகளை உடைத்து மிஷினில் போடுகிற வேலை. இறுகக் கட்டிய பேலை இழுக்க ஆளுக்கொரு இரும்புக் கொக்கி உண்டு. மரப்பிடியும் வளைந்த கூர்முனையுமாக இருக்கும். போன வருஷம் அந்த மிஷின் அவனுடைய இடது கையில் கடைசி இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டது. ரெண்டோடு விட்டதே என்று கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு, புண் ஆறியதும் அதே மிஷினுக்கு முன்னால் போய் நின்றவன் அவன். கோழை இல்லை.

காலைச் சங்கு ஊதியதும் வீட்டுக்கு வருவான். பழைய சோற்றைக் குடித்துவிட்டு, ஜன்னலை அடைத்து, பாயில் விழுந்தால் சாயங்காலம்தான் எழுவான். மனைவி பரிபூரணம் சத்தமில்லாமல் வேலை பார்ப்பாள். நாலு வயசு மகள் அமிர்தவல்லியைப் பக்கத்து வீட்டில் விளையாட விட்டுவிடுவாள்.

முதல் நாள் கனவில் அவன் தன் வீட்டுக்குள் நின்றுகொண்டிருந்தான். எதிரே கட்டிலில் ஒருவன் படுத்திருந்தான். கண் திறந்திருந்தது. முன்பின் பார்த்திராத முகம். அடர்ந்த மீசை. வலது காது நடுவில் கிழிந்து இரண்டாகத் தொங்கியது. வீடெங்கும் மரத்தூள் வாசனை. சுவரில் முருகன் படம். என் வீட்டில் படுத்துக்கொண்டு என்னையே முறைக்கிறானே என்று வேதமணிக்கு ஆத்திரம் பொங்கியது. அதோடு விழித்துவிட்டான்.

"ஏட்டி பரிபூரணம், முருகன் படம் எதுக்கு மாட்டுன?"

"நம்ம வீட்டுல முருகன் படம் ஏது? தூக்கத்துல உளறுதிய."

அதுதானே. வேதக்கார வீட்டில் அந்தப் படம் ஏது? கட்டிலும் ஏது, அவர்கள் பாயில் படுக்கிறவர்கள். கனவுக்குக் கண்டதும் வரும் என்று விட்டுவிட்டான். அதை மட்டும் அவன் இன்னும் கொஞ்சம் யோசித்திருந்தால் ஒரு உயிர் போயிருக்காது.

இரண்டாம் நாள் அதே ஆள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தான்.

மூன்றாம் நாள் இறங்கி வந்தான். கையில் பூண் போட்ட தடி. ஒரு வார்த்தை பேசவில்லை. ஓங்கி முகத்தில் அடித்தான்.

இந்த இடத்தில் பரிபூரணம் சாட்சி. அவள் வேதமணியின் பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். 'தட்'டென்று ஒரு சத்தம். நிமிர்ந்து பார்த்தாள். மல்லாந்து தூங்குகிற மனுஷனின் உதடு, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பிளந்துகொண்டது. ரத்தம் குபுகுபுவென்று தாடையில் இறங்கியது. பல் ஒன்று தலையணையில் விழுந்து உருண்டது. வீட்டில் வேறு ஒருவரும் இல்லை.

மறுநாள் கழுத்தை நெரித்தான். விழித்தபோது தொண்டையில் ஐந்து விரலும் கறுத்துப் பதிந்திருந்தன. அதற்கு மறுநாள் முடியைப் பிடித்துத் தலையைச் சுவரில் மோதினான். ஒரு முறை, இரண்டு முறை... வேதமணி எழுந்ததும் வாந்தி எடுத்தான். காதிலிருந்து ரத்தம் கசிந்தது.

தூங்கினால் அவன் கொல்வான். சரி, தூங்க வேண்டாம் என்று இருந்து பார்த்தான். இரண்டு பகல் கண்ணில் தண்ணீர் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன், ராத்திரி மிஷினுக்கு முன்னால் நின்றபடியே கண்ணயர்ந்தான். வலது கை உள்ளே போகப் போன சமயத்தில் மேஸ்திரி சமுத்திரம் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

"ஏலே, மிச்ச விரலையும் குடுக்கப் போறியா? பகல்ல என்னலே பண்ணுத?"

வேதமணி அழுதுவிட்டான். பகல் தூக்கத்தில் ஒருவன் வந்து அடிப்பதைச் சொன்னான்; அவன் முகம் எப்படி என்று அவர் கேட்கவுமில்லை, இவன் சொல்லவுமில்லை. சமுத்திரம் சிரிக்கவில்லை.

"ஸ்ரீவில்லிபுத்தூர்ல என் தங்கச்சி வீட்டுக்காரர் காவல் வேலை பாக்காரு. அவரும் பகல்ல தூங்குதவருதான். அவர் ஒண்ணு சொல்லுவாரு. கனவுல வார அசலூர் முகமெல்லாம் யாரு? அந்நேரம் தூங்குத மத்தவியதானாம். ராத்திரி ஊரே தூங்குது. திருவிழாக் கூட்டம் மாதிரி, எவனும் எவனையும் கவனிக்க மாட்டான். பகல்ல தூங்குதவன் எம்புட்டுப் பேரு? ஆளில்லாத ரோட்டுல ரெண்டே பேர் நடந்தா... முட்டிக்கிடத்தான் செய்வான்."

"அதுக்கு என்னைய எதுக்கு அண்ணாச்சி அடிக்கான்?"

"அது அவனைத்தான் கேக்கணும்."

உபதேசியார் வேதசிரோமணி வந்து ஜெபம் பண்ணினார். வேதப்புத்தகத்தைத் தலைமாட்டில் வை, வேறு எந்த அஞ்ஞானமும் கூடாது என்று விரலை ஆட்டிச் சொல்லிவிட்டுப் போனார். அவர் தெருமுனை தாண்டியதும் பரிபூரணம் வாயைத் திறந்தாள். அவள் பிறந்தது மம்சாபுரத்தில், கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் வாங்கியவள்.

"எங்க வீட்டுல தலைமாட்டுல இரும்பு வச்சுத்தான் படுப்பாவ. இரும்பு இருந்தா ஒண்ணும் அண்டாது. அந்தக் கொக்கியக் கொண்டு வாங்க."

ஆற்றிலே ஒரு கால் சேற்றிலே ஒரு கால் என்பார்கள். புருஷனைச் சாகக் கொடுக்கப் போகிறவளுக்கு அதெல்லாம் பார்க்க முடியுமா? தலையணைக்கு மேல் வேதப்புத்தகம், கீழே மில் கொக்கி. காக்க வைத்த இரும்பு காவலோடு நிற்கும் என்று இரண்டு பேருமே நம்பினார்கள். கனவுக்குள் ஆயுதத்தைக் கொடுத்து அனுப்புகிறோம் என்று நினைக்கவில்லை.

அன்று வெயில் உக்கிரம். வேதமணி படுத்தவுடன் தூங்கிப்போனான்.

அதே வீடு. அதே மரத்தூள் வாசனை. மீசைக்காரன் தடியோடு காத்துக்கொண்டு நின்றான். வேதமணி தன் வலது கையைப் பார்த்தான்.

கையில் கொக்கி இருந்தது.

தடி ஓங்கியது. தோளில் இறங்கியது. எலும்பே நொறுங்கியது போல வலித்தது. வேதமணி விழவில்லை. இத்தனை நாள் வாங்கிய அடி அத்தனையும் கைக்கு வந்தது. கீழிருந்து மேலாக வீசினான். முனை தாடைக்குக் கீழே புகுந்தது. பேலை இழுக்கிற மாதிரியே இழுத்தான். வெதுவெதுவென்று முகத்தில் தெறித்தது. மறுபடி குத்தினான். கழுத்து, மார்பு, மறுபடி கழுத்து... மீசைக்காரன் அவன் இடது கையை இறுகப் பிடித்துக்கொண்டு சரிந்தான். கர்ர்... கர்ர்... என்று ஒரு சத்தம். பிறகு அதுவும் இல்லை.

வேதமணிக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் அவனே சொன்னான். இத்தனை சந்தோஷம் கல்யாணத்தன்றுகூட இல்லை என்றான்.

திரும்பினான். வாசல் இடது பக்கம் இருந்தது. தன் வீட்டு வாசல் வலது பக்கம் அல்லவா? கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. கொடியில் ஒரு பச்சைச் சேலை. பரிபூரணத்திடம் பச்சைச் சேலை கிடையாது...

விழித்துவிட்டான்.

வேதப்புத்தகம் வைத்த இடத்தில் இருந்தது. கொக்கியும் தலையணைக்குக் கீழேதான் இருந்தது. முனை ஈரமாக இருந்தது. தொட்டுப் பார்த்தான். சூடாக இருந்தது.

இரண்டு நாள் கனவே இல்லாமல் தூங்கினான். மூன்றாம் நாள் காலை மில் வாசலில் சமுத்திரத்தின் ஆள் காத்துக்கொண்டிருந்தார். மேஸ்திரியின் தங்கச்சி வீட்டுக்காரர் பால்ச்சாமி செத்துப்போனாராம். உயிரைக் காப்பாற்றிய மனுஷன் வீட்டுச் சாவுக்குப் போகாமல் முடியுமா? துட்டி கேட்க ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினான் வேதமணி. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர்தான் சொன்னார்.

"கொலையாம்யா. நட்டநடுப் பகல்ல. பெண்டாட்டி தண்ணிக்குப் போயிருந்திருக்கா. உள்ள தாழ் போட்ட வீடு. உடைச்சுப் பாத்தா, தொண்டை கிழிஞ்சு கெடக்காரு."

"அவரு... எங்க காவல் பாத்தாரு?"

"மர டிப்போவுல."

வேதமணிக்கு அந்த மரத்தூள் வாசனை நினைவுக்கு வந்தது. இறங்கிவிடலாமா என்று நினைத்தான். இறங்கியிருக்கலாம். பார்க்காமல் போனால் பைத்தியம் பிடிக்கும் என்று தோன்றியதால் போனான்.

வாசல் இடது பக்கம். சுவரில் முருகன் படம். மூலையில் கட்டில். கொடியில் பச்சைச் சேலை.

அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. கனவில் அந்த ஆள் ஒரு நாளும் இவன் வீட்டுக்கு வரவில்லை. இவன்தான் அவன் வீட்டுக்குள் போய் நின்றிருக்கிறான். தினமும். கட்டிலுக்குப் பக்கத்தில், முறைத்துக்கொண்டு. அந்த மனுஷன் தன் வீட்டிலிருந்து ஒரு பேயை அடித்து விரட்டப் பார்த்திருக்கிறான், அவ்வளவுதான்.

எங்கள் பக்கம் துட்டிக்குப் போனால் ஆண்கள் பேசுவதில்லை. இரண்டு கையையும் நீட்டி, வரிசையாக உட்கார்ந்திருக்கும் பங்காளிகளின் கையைத் தொட வேண்டும். வேதமணி வெளியிடங்களில் இடது கையைத் துண்டுக்குள்ளேயே வைத்திருப்பான். அங்கே ஒளிக்க வழியில்லை. நீட்டினான்.

உள்ளே ஒப்பாரி நின்றது.

பால்ச்சாமியின் மனைவி வெள்ளத்தாய் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவன் உதட்டை. பிறகு விழுந்த பல்லின் இடத்தை. அவள் கத்தவில்லை. மெதுவாகத் தன் அண்ணன் சமுத்திரத்திடம் கேட்டாள்.

"இவரு பகல்ல தூங்குதவரா?"

"ஆமா தாயி. நம்ம மில்லுதான். ஏன்?"

கனவில் வருகிற ரெண்டு விரல் இல்லாத பேயைப் பற்றிப் பால்ச்சாமி அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். வேதமணி பஸ்ஸுக்குக்கூட நிற்கவில்லை. ஏழு மைலும் ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தான். கொக்கியைக் கிணற்றில் எறிந்தான். மேனேஜர் காலில் விழுந்து பகல் ஷிப்ட்டுக்கு மாறினான். இனி ராத்திரி, ஊரோடு ஊராக, கூட்டத்தோடு தூங்கலாம். யாரும் யாரையும் கவனிக்கமாட்டார்கள்.

அப்படித்தான் ஆயிற்று. கனவு நின்றது. பத்துப் பதினைந்து நாளில் முகத்தில் ரத்தம் ஊறியது.

ஒரு நாள் சாப்பிடும்போது அமிர்தவல்லி சொன்னாள்.

"அப்பா, ஒரு அத்தை கட்டில்ல படுத்திருந்தா. என்னையவே பாத்தா."

"எங்க தாயி?"

"அங்கதான். முருகன் சாமி இருக்குற வீட்டுல."

மறுநாள் சாயங்காலம், அந்த அத்தை எழுந்து உட்கார்ந்திருந்ததாகச் சொன்னாள்.

அன்று ராத்திரி வேதமணி தூங்கவில்லை. பிள்ளையை மடியிலேயே வைத்திருந்தான். ராத்திரி என்றால் பயமில்லையே, கூட்டம் இருக்குமே என்று தானே தனக்குச் சொல்லிக்கொண்டான். விடிந்ததும் வேலைக்குப் போனான்.

மத்தியானச் சங்கு ஊதியது. அந்த வாரம் பகல் ஷிப்ட்டுக்கு வந்திருந்த சமுத்திரம், சோற்றுத் தூக்கைத் திறந்துகொண்டே பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நேத்து தங்கச்சியப் போய்ப் பாத்தேன்லே. ராத்திரி பூராவும் விளக்கை ஏத்தி வச்சு முழிச்சிருக்கா. பகல்லதான் தூங்குதா. சாப்புட்டதும் படுத்துருதா."

வேதமணியின் கையில் உருண்டைச் சோறு நின்றது.

"என்னமோ உளறுதா. ஒரு சின்னப் பொட்டப்புள்ள வந்து கட்டில்கிட்ட நிக்குதாம். அந்த ரெண்டு விரல் இல்லாதவன் சாடையாம், உன்னையத்தான் சொல்லுதா போல. அவரைத் தின்ன பேயோட குட்டியாம். இன்னைக்குத் தலைக்குக் கீழ அரிவாளை வச்சுப் படுக்கப் போறாளாம்..."

வேதமணி ஓடினான்.

வெறுங்காலோடு. தார் ரோடு கொதித்தது. தெரு காலியாகக் கிடந்தது.

"பரிபூரணம்! ஏட்டி பரிபூரணம்!"

அவள் வாசலில் உட்கார்ந்து கீரை உருவிக்கொண்டிருந்தாள். அவன் பகலில் படுக்கிற பாய் இப்போது சும்மாதானே கிடக்கிறது. ஜன்னலை அடைத்து, அதிலேதான் பிள்ளையைப் படுக்க வைத்திருந்தாள். அவன் வருவதைக் கண்டு உதட்டில் விரலை வைத்தாள்.

"சத்தம் போடாதிய... இப்பத்தான் தூங்குனா."

உள்ளே 'தட்'டென்று ஒரு சத்தம் கேட்டது.