சிவப்பு மையில் போட்ட இனிஷியல்

ஒரு தாளின் தலையில் ‘பெயர் எழுத வேண்டாம்’ என்று அச்சடித்திருந்தால், அந்தத் தாளில் என் பெயர் இருக்காது என்று நம்பினேன். போன வருடம் அரையாண்டுத் தேர்வு சமயத்தில், அருள்புரம் பக்கம் நான் வேலை பார்க்கும் தனியார் பள்ளியில், இந்த நம்பிக்கை ஒரு மணி நேரம்தான் தாக்குப்பிடித்தது.

ஆசிரியர்கள் என்ன நிலைமையில் வேலை செய்கிறார்கள் என்று ஆய்வு செய்ய ஓர் இளம்பெண் வந்திருந்தார். தெற்கத்திப் பேச்சு. தோளில் ஒரு துணிப்பை. ஆளுக்கொரு தாள் கொடுத்தார். பன்னிரண்டு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நிலைமை மோசம் என்றால் ஒன்று, நன்றாக இருந்தால் ஐந்து என்று மதிப்பெண் போட வேண்டும். வகுப்பில் உட்கார நாற்காலி உண்டா, ஞாயிறும் வரச் சொல்கிறார்களா, மே மாதம் வீடு வீடாகப் போய்ப் பள்ளியில் சேர்க்கப் பிள்ளை பிடிக்கச் சொல்கிறார்களா, அசல் சான்றிதழ்கள் யாரிடம் இருக்கின்றன. எழுதி முடித்துப் பெட்டியில் போட்டுவிடலாம், யாருக்கும் காட்டமாட்டேன் என்றார்.

நான் கணக்கு வாத்தியார். அப்போது ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள் கட்டுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். கையில் சிவப்புப் பேனா. விட்டேனா! நாற்காலிக்கு ஒன்று, ஞாயிற்றுக்கு ஒன்று, சான்றிதழுக்கு ஒன்று என்று வீரத்தோடு போட்டுத் தள்ளி, தாளை மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு, சிங்கம் மாதிரி டீ குடித்தேன்.

டீ முடிந்து அடுத்த விடைத்தாளைத் திருத்தினேன். மதிப்பெண்களைக் கூட்டினேன், மேலே எழுதி வட்டமிட்டேன், கீழே இரண்டு கோடு இழுத்து என் இனிஷியலைப் போட்டேன். போட்ட கை அப்படியே நின்றுவிட்டது.

இருபத்திரண்டு வருடப் பழக்கம். எண்களைப் பார்த்தால் என் கை கூட்டாமல் விடாது. கூட்டினால் கையெழுத்துப் போடாமல் விடாது. அந்த ஆய்வுத் தாளிலும் கூட்டியிருக்கிறேன். அறுபதுக்குப் பத்தொன்பது. வட்டம். பக்கத்தில் ‘முயற்சி தேவை’. கீழே இரண்டு கோடு, இனிஷியல். பள்ளிக்கூடத்தையே ஃபெயிலாக்கி, ஆக்கியவர் யார் என்றும் தெரிவித்துவிட்டேன்.

சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. என் சான்றிதழ்கள் அத்தனையும், நாங்கள் ‘கரஸ்’ என்று கூப்பிடும் தாளாளரின் அறை பீரோவில் இருக்கின்றன. என் மகள் அதே பள்ளியில் பிளஸ் டூ. நாளைக்கே போகச் சொன்னால், சான்றிதழ் இல்லாத வாத்தியாரை எந்தப் பள்ளி சேர்க்கும்? ஐம்பது வயதில் பனியன் கம்பெனிக்குப் போய்த் துணியில் நீட்டியிருக்கும் நூல் பிசிறு வெட்டவும் கண் தெரியாது.

பெட்டி ஆபீஸ் அறையில் இருந்தது. ஏற்றுமதிச் சரக்கு வந்த பழைய அட்டைப்பெட்டி, மேலே பழுப்பு டேப், நடுவில் ஒரு கீறல். அறையில் யாரும் இல்லை. கீறலில் இரண்டு விரலை விட்டேன், பிறகு கையை விட்டேன். மணிக்கட்டு மாட்டிக்கொண்டது. அந்த நேரம் பார்த்து ஆபீஸ் அக்கா உள்ளே வந்தார்.

“ஏனுங்க சார், உண்டியல்ல கை உடறீங்க?”

“பேனா மூடி உள்ள உழுந்துருச்சுங்க.”

“மூடி உங்க பாக்கெட்லயே இருக்குதுங்களே.”

நல்லவேளை, அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. கையை உருவ உதவி செய்துவிட்டு, “கரஸ் உங்களைக் கூப்புடறாருங்க. வரும்போது பெட்டியையும் எடுத்துட்டு வரச் சொன்னாருங்க” என்றார்.

என் தலையை நானே தாம்பாளத்தில் வைத்து எடுத்துப்போவது போல அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். பத்தடி தூரம்தான். முருகா, இந்த இனிஷியலை மட்டும் அழித்துவிடு, மொட்டை போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். தலையில் ஏற்கெனவே பாதி காலி என்பது அப்போது நினைவில் இல்லை.

தாளாளர் பனியன் கம்பெனி முதலாளி. அவருக்கு எதிரே ஆய்வுக்கு வந்த அந்தப் பெண் உட்கார்ந்திருந்தார்.

“வாங்க சார். நம்ம கம்பெனில ஒரு லாட்டுக்கு நாலு பீஸ் உருவிப் பார்த்தாப் போதுமுங்க, மொத்தச் சரக்கும் எப்படின்னு தெரிஞ்சுபோகும். நீங்க கணக்கு வாத்தியாரு. பொதுவா நாலு தாளு எடுங்க, பார்ப்போம்.”

டேப்பில் நகத்தை வைத்தேன். சிவப்பு தெரிந்தால் அதை அடியில் தள்ளிவிட்டு வேறு நான்கை எடுக்கலாம். அந்த நான்கு யாருடையது என்று நான் யோசிக்கவே இல்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

“திறக்கக் கூடாது சார்” என்றார் அந்தப் பெண். “யாருக்கும் காட்ட மாட்டேன்னு சொல்லித்தான் எழுதி வாங்கியிருக்கேன்.”

“பள்ளிக்கூடமே என்னுது கண்ணு.”

“பள்ளிக்கூடம் உங்களுதுதான் சார். பேப்பர் அவங்களுது.”

தாளாளர் என் பக்கம் திரும்பினார். “ஏனுங்க சார், பார்த்தா என்ன தப்பு?”

“தப்பொண்ணும் இல்லீங்க.”

அந்தப் பெண் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு எழுந்து வந்து, என் கைக்கடியில் இருந்த பெட்டியை இழுத்து மார்போடு சேர்த்து, இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டார். அந்தக் கைகள் நடுங்கியதை நான் பார்த்தேன். தாளாளர் பெட்டியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

கடைசியில் தாளாளர் சிரித்துவிட்டார். “கம்பெனிக்கு ஆடிட்டு வர்றவங்களே இத்தனை கண்டிஷன் போட மாட்டாங்க. கொண்டு போ கண்ணு.”

கேட் வரை அந்தப் பெண்ணின் பின்னாலேயே ஓடி உண்மையைச் சொன்னேன். “மார்க்கும் போட்டு, கையெழுத்தும் போட்டீங்களா?” என்று அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார். “அந்த மூலைய வெட்டி எறிஞ்சிருதேன் சார். பயப்படாதீங்க.” பல்லடம் பஸ் வந்தது. பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறிப்போனார்.

நான் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறேன். சான்றிதழ்களும் அதே பீரோவில்தான். ஆசிரியர் அறையில் பெட்டிக்குள் கைவிட்ட கதையை மட்டும் நடித்துக் காட்டுவேன், எல்லோரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். மீதிக் கதையை அங்கே சொன்னதில்லை. அன்றைக்கு அந்த அறையில், என் வயதில் பாதிகூட இல்லாத ஒரு பெண் நடுங்கிக்கொண்டே “திறக்கக் கூடாது” என்றார். நான் “தப்பொண்ணும் இல்லீங்க” என்றேன்.