ரிலீவர் வராத ஷிஃப்ட்

முதல் பொய்யை நான்தான் சொன்னேன். அதை யார் தலையிலும் கட்ட மாட்டேன்.

என் கணவர் நெய்வேலி சுரங்கத்தில் வேலை பார்த்தார். கல்லீரலில் புற்றுநோய், கைமீறிவிட்டது என்று சொல்லி அவரை மருத்துவமனையில் சேர்த்துக்கொண்ட அன்று, மூன்றாம் வகுப்பு படித்த எங்கள் மகள் பள்ளிவிட்டு வந்து, "அப்பா எங்க?" என்றாள். "ஷிஃப்ட்டுக்குப் போயிருக்காரு" என்றேன். வாயில் அதுதான் வந்தது. மறுநாள் கேட்டாள். "டபுள் ஷிஃப்ட்" என்றேன்.

மூன்றாம் நாள் ஷிஃப்ட் பஸ் வரும் நேரத்துக்கு நிறுத்தத்தில் போய் நின்றுகொண்டாள். இறங்கியவர்களும் என் பொய்யையே திருப்பிச் சொன்னார்கள். "வேல ஜாஸ்தி பாப்பா, வந்துடுவாரு." பண்ருட்டியிலிருந்து துணைக்கு வந்திருந்த என் நாத்தனாருக்கு அதில் பரம திருப்தி.

சுரங்கத்தில் தன் ஷிஃப்ட் முடிந்தாலும் உடனே கிளம்பிவிட முடியாது. அடுத்து வருகிற ஆள், ரிலீவர், வந்து பொறுப்பை வாங்கிக்கொள்ள வேண்டும். டவுன்ஷிப்பில் இது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். என் மகள் யோசித்திருக்கிறாள். அப்பா வரவில்லையென்றால் ரிலீவர் போகவில்லை. அந்த ரிலீவர் மூன்று தெரு தள்ளித்தான் குடியிருந்தார்.

சனிக்கிழமை மதியம் அவர் அவளை இடது கையால் பிடித்து அழைத்துக்கொண்டு வந்தார். வலது கையில் குழம்புச் சோறு காய்ந்திருந்தது. கை கழுவக்கூடத் தோன்றவில்லை மனிதருக்கு. "சாப்ட்டுகினு இருந்தேங்க. நேரா வந்து நின்னா. 'நீங்க இங்க சோறு துன்னுகினு இருக்கீங்க, எங்கப்பா அங்க உங்களுக்காக உக்காந்துகினு இருக்காரு, போங்க மாமா'ன்னா. நான் இன்னா சொல்லுவேன்?"

எனக்கு வெட்கமாக இருந்தது. என்னால் ஒரு நல்ல மனிதரை அவள் இத்தனை நாளாக வெறுத்திருக்கிறாள்.

நாத்தனார் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். "கொழந்தகிட்ட சொல்லாத. ஏங்கிப் பூடும்."

"இப்ப மட்டும் இன்னா அண்ணி? எதுக்குன்னே தெரியாம ஏங்கிகினு கெடக்குது. தெரிஞ்சே ஏங்கட்டும்."

குழந்தை மனசு தாங்காது என்று அன்று எனக்கு உபதேசம் செய்யாத ஆளில்லை. தாங்காதது அவரவர் மனசுதான். குழந்தையைச் சாக்குச் சொன்னார்கள். நானும் அதைத்தான் செய்தேன்.

குவார்ட்டர்ஸ் பின்வாசல் படியில் அவளை உட்காரவைத்துச் சொன்னேன். "அப்பா ஷிஃப்ட்டுக்குப் போகல. ஆஸ்பத்திரியில இருக்காரு. கேன்சர். சரியாவாதுன்னு டாக்டருங்க சொல்லிட்டாங்க. நான் உன்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

"செத்துப்போயிடுவாரா?"

"ஆமா."

இரண்டு கையாலும் என் வயிற்றில் குத்தினாள். கை ஓயும்வரை குத்திவிட்டு, "என்னக் கூட்டிட்டுப் போ" என்றாள்.

வார்டு வாசலில் காவலாளி, சின்னப் பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை என்றார். "உள்ள இருக்கிறது இவளோட அப்பாங்க. இவ பாக்காம நான் நகர மாட்டேன்" என்று நடுவாசலில் உட்கார்ந்துவிட்டேன். கடைசியில் ஒரு நர்ஸ் வந்து இருவரையும் உள்ளே விட்டார்.

அவள் அழவில்லை. மூக்கில் இருந்த குழாயைப் பார்த்தாள், மஞ்சளாகிப்போன கண்ணைப் பார்த்தாள். "எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று அவரை அதட்டினாள். அவர் கண்ணாலேயே என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டுச் சிரித்தார். படுபாவி, அந்த நிலையிலும்.

அதன்பிறகு தினமும் சாயங்காலம் அந்தக் கட்டிலோரம் உட்கார்ந்துதான் வாய்ப்பாடு ஒப்பித்தாள். தப்பாகச் சொன்னால் அவர் விரலால் கட்டிலைத் தட்டுவார். ஒன்பதாம் வாய்ப்பாடு முடிவதற்குள் அவர் போய்விட்டார். அவளிடம் நானே சொன்னேன், "அப்பா செத்துட்டாரு" என்று, வேறு வார்த்தை தேடாமல்.

உடல் வீட்டுக்கு வந்ததும் நாத்தனார் அவளைத் தனியே இழுத்துக்கொண்டு போனார். "அப்பா சாமிகிட்ட போயிருக்காரு கண்ணு. வந்துடுவாரு."

என் மகள் அவர் முகத்தையே பார்த்தாள். "அம்மாவும் மொதல்ல பொய்தான் சொன்னாங்க அத்த. அப்புறம் நெசத்த சொல்லிட்டாங்க. நீங்க எப்ப சொல்வீங்க?"

நாத்தனார் அப்படியே தரையில் உட்கார்ந்து அவளை மடியில் இழுத்துக்கொண்டார். "செத்துட்டான்டி எந்தம்பி, செத்துட்டான்டி" என்று அலறினார்.

அப்போதுதான் என் மகள் அழுதாள்.