மின்சார ரயிலுக்கு வெட்டிய முருங்கை

வராத ரயிலொன்றுக்குப் பயந்து என் ஐயா நல்லதொரு முருங்கையை வெட்டினார். பெற்ற தகப்பனை அதை வெட்டவைத்தவன் நான்தான் என்பதை ஐம்பது வயதுக்குப் பிறகாவது ஒப்புக்கொள்ள வேண்டும். நேற்றுச் சென்னையில் மின்சார ரயிலுக்குக் காத்து நின்றேன். தலைக்குமேல் கம்பி ரீங்கரித்தது. யாழ்ப்பாணத்தில், கொண்டாவில் ஊரில் இருந்த எங்கள் வீட்டு வளவு ஞாபகம் வந்துவிட்டது.

எண்பத்து மூன்றின் தொடக்கம். யாழ்ப்பாண ஸ்டேஷனுக்கும் தண்டவாளத்துக்கும் கறண்ட் இழுக்கப்போகிறார்கள் என்று வகுப்பில் எவனோ சொன்ன கதையை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மறுநாளே எங்கள் வேலிக்குப் பின்னால், தண்டவாள ஓரத்தில் ஒருவர் நாடா பிடித்து அளந்துகொண்டு நின்றார்.

ஐயா வேலியின் ஓலைக் கிடுகை விலக்கிப் பார்த்தார். ஒவ்வொரு வருடமும் வேலி அடைக்கும்போது கதியால் கம்புகளை ஒரு சாண் ரயில்பாதைப் பக்கம் தள்ளி நடுகிறவர் அவர். அப்படிச் சேர்த்த நிலத்தில்தான் முருங்கை நின்றது. ரயில் போகும்போதெல்லாம் அதன் பூ எங்கள் கிணற்றுக்குள் உதிரும்.

“கறண்டுக் கம்பிக்கு இடம் பாக்கிறாங்கள். உவன்ரை கண் எங்கடை வேலியிலைதான் நிக்குது.”

“போய்க் கேளுங்கோவன்,” என்றார் அம்மா.

“கள்ளன் போய்ப் பொலிசிட்டையே கேக்கிறது?”

பின்னேரத்துக்குள் முருங்கை விழுந்தது, வேலி பின்வாங்கியது. வந்தவர் பக்கத்து வீட்டுப் பெட்டையின் சீதனக் காணியை அளக்க வந்தவர் என்பது அடுத்த நாள்தான் தெரிந்தது.

மின்சார ரயில் வரவேயில்லை. சில வருடங்களில் போர் வந்து, இருந்த ரயிலும் நின்றது, வீட்டுக் கறண்டும் நின்றது. அந்த நாட்களில் ஒருநாள் வெறும் பருப்பை இறக்கிவைத்துவிட்டு அம்மா ஐயாவிடம் சொன்னார்:

“இப்ப ஆர் வந்து அளக்கிறாங்கள்? இதுக்குள்ளை ரெண்டு முருங்கைக்காய் போட்டிருப்பன்.”